ஜூலையில் ஜெர்மனி: இதழியல், ஜெர்மன் மொழி மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். அப்புறம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான்கு வாரக் கோடை வகுப்புக்குப் போய்வந்தேன். இப்போது ஜெர்மன் சொல்லித்தருகிறேன். வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதவும் உதவுகிறேன். ஜெர்மனியில் கோடை வகுப்புக்குப் போவது பற்றி எனக்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்களுக்கு ஏப்ரல், மே விடுமுறை. அதற்குள் போய்வந்துவிடலாம் இல்லையா? (விஸ்காம் மாணவி, திருச்சி)

எல்லோரும் முதலில் இடறுவது இங்கேதான். நமக்குக் கோடை முடிகிறபோதுதான் அவர்களுக்குத் தொடங்குகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 'கோடைப் பருவம்' என்றால் ஏப்ரலில் தொடங்கும் வழக்கமான செமஸ்டர். அந்த வகுப்புகள் ஜூலை நடுவில் முடிந்து, அறைகளும் விடுதிகளும் காலியான பிறகுதான் வெளிநாட்டு மாணவர்களுக்கான கோடை வகுப்புகள் பெரும்பாலும் நடக்கும். ஜூலை கடைசி, ஆகஸ்ட், செப்டம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் கல்லூரி மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். ஆகவே விமான டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் துறைத்தலைவரைப் பாருங்கள். வருகைப்பதிவு என்னவாகும், அங்கே வாங்கும் கிரெடிட்டை இங்கே ஏற்பார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் "பாத்துக்கலாம்மா" என்று சொன்னவர் ஆகஸ்டில் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார்.

மே மாதம்தான் முடியும் என்றால், ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் ஜெர்மனி மையங்களில் ஆண்டு முழுவதும் மொழி வகுப்பு உண்டு. ஆனால் அது மொழி வகுப்பு மட்டும்தான், இதழியல் அதில் வராது.

ஏ1 முடித்திருக்கிறேன். மூன்று வாரம் அங்கேயே இருந்தால் சரளமாகப் பேச வந்துவிடுமா? (பி.ஏ. ஆங்கிலம், கோவை)

வராது. ஏ1, ஏ2, பி1 என்பவை மொழித்தேர்ச்சியின் முதல் மூன்று படிகள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பி1 நிலையை எட்ட, 45 நிமிடப் பாடவேளையாக 350 முதல் 650 வரை தேவை என்பது கோத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. கோடை வகுப்பில் வாரத்துக்கு 25 பாடவேளை என்றால் மூன்று வாரத்துக்கு 75. ஏ1 முடித்தவர் அதை வைத்து ஏ2வில் பாதி தூரம் நடக்கலாம். அந்தப் பாதியைச் சென்னையில், மதுரையில், வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் இதில் சின்னப் பங்கு செலவில் நடந்துவிடலாம்.

என் கருத்து இதுதான்: இலக்கணத்தை இங்கேயே முடியுங்கள், காதைத் திறக்க அங்கே போங்கள். பி1 கையில் இருப்பவருக்கு அந்த மூன்று வாரம் பொன். டிராமில் பின்சீட்டில் பேசுகிற கிழவிகள்தான் உங்கள் வாத்தியார். ஏ1 ஆளுக்கு அதே டிராம் வெறும் இரைச்சல்.

ஜெர்மனே தெரியாமல் ஆங்கிலத்தில் நடக்கும் இதழியல் கோடை வகுப்புக்குப் போனால் என்ன?

போகலாம், அப்படியும் நடத்துகிறார்கள். ஆனால் நீங்கள் பேட்டி எடுக்கிற எல்லோரும் ஆங்கிலம் பேசும் இளைஞர்களாகவே இருப்பார்கள். தமிழே தெரியாத ஒருவர் சென்னைக்கு வந்து பெசன்ட் நகர் காபி ஷாப்பில் உட்கார்ந்து தமிழ்நாட்டைப் பற்றி எழுதுவது போல.

உதவித்தொகை கிடைக்குமா? (மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்)

ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி., ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கோடை வகுப்புகளுக்கென்றே ஓர் உதவித்தொகை வைத்திருக்கிறது. ஜெர்மன் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும், சான்றிதழும் வேண்டும். விண்ணப்ப வாசல் பெரும்பாலும் முந்தைய ஆண்டு டிசம்பர் தொடக்கத்திலேயே மூடிவிடும். பொங்கல் முடிந்து விசாரிக்கிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு அடுத்த வருடம்தான். அந்தந்த ஆண்டின் தேதியை அவர்கள் தளத்திலேயே பாருங்கள், யூடியூப்காரர்களை நம்பாதீர்கள்.

விருப்பக் கடிதத்தில் "சிறு வயது முதலே ஜெர்மன் பண்பாட்டின் மீது ஆர்வம்" என்று தொடங்கினால் நானே படிக்க மாட்டேன். போன வருடம் என்னிடம் வந்த பையன் ஒருவன், தன் ஊர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பற்றிக் கல்லூரி இதழில் எழுதியவன். ஜெர்மனியில் ஆறுகளைச் சுத்தம் செய்ததை அந்த ஊர்ப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று பார்க்க வேண்டும் என்று ஒரு பத்தி எழுதினான். அதுதான் கடிதம்.

பெர்லினா, மியூனிக்கா? எந்த ஊர் நல்லது?

இரண்டும் இல்லை, லைப்சிக். நான் படித்த ஊர் என்ற பாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணமும் இருக்கிறது. பெர்லினில் நீங்கள் ஜெர்மனில் திக்கித் திணறிக் காபி கேட்டால், கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார். மியூனிக்கில் வாடகை கண்ணைக் கட்டும். லைப்சிக்கில் அந்தத் தொல்லைகள் குறைவு. அந்த வட்டாரத்துச் சாக்சன் உச்சரிப்பு மட்டும் முதல் வாரம் படுத்தும்.

அப்புறம், இதழியல் மாணவர்களுக்கு அது கோயில் மாதிரி ஊர். உலகின் முதல் நாளிதழ் என்று சொல்லப்படும் தாள் 1650இல் அங்கேதான் அச்சானது. செய்தித்தாள் பற்றிய முதல் முனைவர் பட்ட ஆய்வேடு 1690இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். ஜெர்மனியின் முதல் செய்தித்தாளியல் கல்வி நிறுவனத்தைக் கார்ல் ப்யூஷர் 1916இல் தொடங்கியதும் அங்கேதான். மொழி மாணவர்களுக்கு ஹெர்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வெளிநாட்டாருக்கு ஜெர்மன் கற்பிப்பதில் பழம் தின்று கொட்டை போட்ட இடம்.

நான் ஜெர்மன் மாணவி, என் தோழி இதழியல். ஒரே வகுப்பில் இரண்டு பேருக்கும் என்ன இருக்கும்? (சென்னை)

இந்தக் கேள்விக்காகவே மற்றதையெல்லாம் எழுதலாம் போலிருக்கிறது.

எங்கள் வகுப்பில் முதல் நாள் ஆசிரியை கரும்பலகையில் எழுதிய வரி: "ஏர் ஹாபெ டஸ் கெல்ட் நிஷ்ட் கெநோமன்." அவன் பணத்தை எடுக்கவில்லை என்று பொருள். ஆனால் சாதாரணமாகச் சொன்னால் 'ஹாட்' என்றல்லவா வர வேண்டும்? அங்கே 'ஹாபெ' என்று இருந்தது. இதுதான் கொன்யுங்க்டிவ் ஐன்ஸ். அவன் எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, அவன் சொல்கிறான் என்று ஒரே ஒரு சொல் மாற்றத்தில் காட்டிவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் இது கடைசி அத்தியாயத்தில் தூசி படிந்து கிடக்கும். செய்தித்தாளைத் திறந்தால் பத்திக்கு நாலு முறை வரும்.

பக்கத்தில் இருந்த போலந்துப் பெண் தலையைப் பிய்த்துக்கொண்டாள். எனக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டது. நம்மிடம் 'ஆம்' இருக்கிறதே! "பணத்தை எடுக்கலையாம்." அந்த 'யாம்' சொல்கிற வேலையைத்தான் அந்த 'ஹாபெ'யும் செய்கிறது. ஒரு வித்தியாசம்: நம் 'ஆம்' லேசாக உதட்டைச் சுழிக்கும், வம்பு வாசனை அடிக்கும். அதனால்தான் நாளிதழில் அதை விட்டுவிட்டு 'என்றார்', 'எனத் தெரிவித்தார்' என்று வரிக்கு வரி முட்டுக்கொடுக்கிறோம். ஜெர்மன் வடிவத்துக்கு அந்தச் சுழிப்பு கிடையாது. "நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அவர் சொன்னது இது" என்று கைகட்டி நிற்கும்.

இப்போது பாருங்கள், இலக்கணம் தெரிந்த உங்களுக்கு அது செய்தியில் எதற்கு என்று தெரியாது. செய்தி தெரிந்த உங்கள் தோழிக்கு அந்த வடிவம் கண்ணில் படாது. மாலை எட்டு மணிக்கு ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் கால் மணி நேரம் வரும் 'டாகஸ்ஷாவ்' செய்தியை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். அது 1952 முதல் ஓடுகிறது. எந்த வாக்கியம் செய்தியாளருடையது, எது மற்றவர் சொன்னது என்று பிரித்து எழுதுங்கள். இங்கேயே தொடங்க வேண்டுமானால் ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பான டாய்ச்சே வெல்லே தரும் மெதுவாக வாசிக்கப்படும் செய்தி போதும், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும்.

ஒரு சொல்லின் எடை என்ன என்பதற்கு ஒரு வீடியோ சொல்கிறேன், தேடிப் பாருங்கள். 1989 நவம்பர் 9 மாலை, கிழக்கு பெர்லினில் செய்தியாளர் சந்திப்பு. கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி புதிய பயண விதிகளைத் தாளைப் பார்த்துப் படிக்கிறார். எப்போது அமலுக்கு வருகிறது என்று கேட்கிறார்கள். தாளைப் புரட்டுகிறார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்கிறார். "எனக்குத் தெரிந்தவரை... ஸோஃபோர்ட், உன்ஃபெர்ட்ஸ்யூக்லிஷ்." உடனே, தாமதமின்றி. உண்மையில் மறுநாள்தான் வரவேண்டிய விதி, அதுவும் முறையாக விண்ணப்பித்துப் போவதற்கு. அன்றிரவே மக்கள் சுவரடியில் கூடிவிட்டார்கள், எல்லை திறந்தது. கேட்ட கேள்வி எவ்வளவு சின்னது என்று கவனியுங்கள். நம் ஊர் பிரஸ்மீட்டில் நிருபர் கேள்வி கேட்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார்.

கேமரா எடுத்துப் போகிறேன். தெருப் புகைப்படம், பேட்டி எல்லாம் எடுக்கலாமா? (போட்டோ ஜர்னலிசம், மதுரை)

தம்பி, இதைக் கவனமாகப் படிங்க. நான் சந்தையில் காய்கறி விற்ற அம்மா ஒருவரைப் படம் எடுத்தேன். சிவப்பு முள்ளங்கிக் கட்டு, வெயில், அவர் சிரிப்பு, அருமையான ஃபிரேம். சிரிப்பு நின்றது. "கேட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான், சுற்றி நின்ற நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். அங்கேயே அழித்துக் காட்டினேன்.

ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் அங்கே 1907இலிருந்து இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கதை: 1898இல் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் அறைக்குள் புகுந்து சடலத்தைப் படம்பிடித்தார்கள். அந்தக் கொந்தளிப்பிலிருந்து கிளம்பியது இந்த உரிமை. ஊர்வலம், கூட்டம், பொது நிகழ்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஒலிப்பதிவு இன்னும் கடுமை. தனிப்பட்ட பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்வதே குற்றம். போனை பாக்கெட்டில் ஓடவிட்டுப் பேசுகிற வேலை வேண்டாம்.

இன்னொன்று நம்மவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். கேள்வி பதிலாக அச்சாகும் பேட்டியை, வெளியிடும் முன் பேட்டி தந்தவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவது அங்கே வழக்கம். நான் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் எடுத்த வகுப்புப் பேட்டியை அனுப்பினேன். மூன்று வரி வெட்டித் திரும்பி வந்தது. அந்த மூன்றுதான் நல்ல வரிகள். இன்றைக்கும் எனக்கு இந்த வழக்கத்தில் உடன்பாடில்லை.

வகுப்பு முடிந்ததும் ஒரு பத்திரிகையில் இன்டர்ன்ஷிப் செய்யலாமா?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவில் அதை நினைக்காதீர்கள், வேலைக்கும் பயிற்சிக்கும் விதி வேறு. அங்கே செய்தியறையில் சில வாரம் உட்கார்ந்து பார்ப்பதற்கு 'ஹொஸ்பிடான்ஸ்' என்று பெயர். தொழிலுக்குள் நுழையும் முறையான வாசல் 'வொலொன்டாரியாட்', அது பெரும்பாலும் இரண்டு வருடம். கோடை வகுப்பில் கிடைப்பது ஒரு நாள் செய்தியறைப் பார்வை. அன்று ஒரு நல்ல கேள்வி கேட்டு ஒரு மின்னஞ்சல் முகவரி வாங்கி வந்தால் லாபம்.

விசா?

180 நாளில் 90 நாள் வரை ஷெங்கன் விசா போதும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மேயில் சுற்றுலாக்காரர்கள் வரிசையை அடைத்துக்கொள்வார்கள் என்பதால் முந்திக்கொள்ளுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்குக் கல்லூரி போனஃபைட் கடிதம் கனமான சாட்சி.

மேடம், பெண்ணைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. (ஓர் அம்மா, ஈரோடு)

பயம் நியாயம்தான் அம்மா. விடுதி அறை வகுப்புக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாதவர் வீட்டு அறைக்கு முன்பணம் அனுப்பவே வேண்டாம், அந்த மோசடி அதிகம். அவசர உதவி 112, போலீஸ் 110. மற்றபடி பிள்ளை படப்போகும் பெரிய கஷ்டம் ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

தயிர் கிடைக்குமா அக்கா?

கிடைக்கும், 'யோகுர்ட்' என்று எழுதியிருப்பதை எடுங்கள். 'குவார்க்' என்ற வெள்ளை டப்பாவை எடுத்துச் சோற்றில் பிசைந்து ஒரு ராத்திரி நான் பட்டது போதும்.

வணக்கம் அக்கா, நான் யாழ்ப்பாணம். ஜேர்மனியில் சித்தப்பா ஆக்கள் ஹம் நகரில் இருக்கினம். அங்கே தமிழர்களைப் பற்றி ஏதும் எழுத ஏலுமா? லைப்சிக் பக்கமும் ஏதும் இருக்கா?

ஹம் என்றால் காமாட்சி அம்பாள் கோயில்தான் எல்லோருக்கும் நினைவு வரும். தேர்த்திருவிழா கோடைத் தொடக்கத்தில், உங்கள் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்கும். அதைப் பற்றி ஜெர்மன் பத்திரிகைகள் ஏராளமாக எழுதிவிட்டன. சித்தப்பா முதல் வேலைக்குப் போன நாளைப் பற்றி அவரிடம் கேளுங்கள், அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

லைப்சிக் பக்கம் என்றால் ஹாலே. உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. தொலைதூர ரயில்களுக்கு மட்டும் செல்லாத 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' மாதச் சீட்டு இருந்தால் அதிலேயே போகலாம். 2023இல் 49 யூரோவாக இருந்த சீட்டு இப்போது 63. அங்கே ஃப்ராங்கே அறநிலையத்தில், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு முதலானோர் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. அந்தக் கடிதங்களை 1710 முதல் தொடர் வெளியீடாக அச்சிட்டார்கள், பெயர் 'ஹாலே அறிக்கைகள்'. தமிழ்நாட்டுச் செய்தி ஜெர்மனில் தொடர்ந்து அச்சேறியது அப்படித்தான். ஆவணங்களைப் பார்க்க முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், அங்கே பல அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை.