டவர் பாலம் திறப்பதைப் பார்க்க எப்போது போகலாம்?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். வரும் ஆகஸ்டில் இலண்டனிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். டவர் பாலம் திறந்து மூடுவதைப் பேரனுக்குக் காட்ட விரும்புகிறேன். கட்டணம் உண்டா? எந்நேரம் போக வேண்டும்? நமது களனி கங்கைக்கு ஏன் இப்படியொரு பாலம் இல்லை?

பதில்: கரையில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, மேல் நடைபாதைகளையும் பழைய நீராவி இயந்திர அறைகளையும் பார்ப்பதற்குத்தான் நுழைவுச்சீட்டு. ஆனால் அந்தப் பாலம் பார்வையாளருக்காகத் திறக்கப்படுவதில்லை. ஏறத்தாழ ஒன்பது மீற்றருக்கு மேல் உயர்ந்த பாய்மரமோ மேற்கட்டோ உடைய கலம், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தால் மட்டுமே திறக்கும். ஆண்டுக்குச் சுமார் 800 தடவைகள் என்று கணக்கு. கோடையில் அதிகம் என்பதால் ஆகஸ்ட் உங்களுக்கு வாய்ப்பான மாதம். பாலத்தின் இணையத்தளத்தில் கலத்தின் பெயரும் நேரமும் முன்கூட்டியே வெளியாகும். அவை மாறக்கூடும் ஆகையால், புறப்படும் நாள் காலையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் நின்றால் தடுப்புக் கதவைத்தான் பார்ப்பீர்கள். தென்கரையிலுள்ள பாட்டர்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்காவே நல்ல இடம். கால் மணி நேரம் முந்திப் போய்விடுங்கள், ஏனெனில் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அது எப்படி உயர்கிறது என்று பேரன் கேட்டால், யாழ்ப்பாணத்துத் துலாக் கிணற்றைச் சொல்லுங்கள். துலாவின் அடிப்பக்கப் பாரம் நீர் நிறைந்த வாளியைத் தூக்க உதவுவதுபோல, ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாலத்தட்டையும் தூணுக்குள் மறைந்திருக்கும் எதிர்ப்பாரம் சமன்செய்கிறது. இயந்திரம் செய்யவேண்டிய வேலை அதனால் வெகுவாகக் குறைகிறது. 1976 முதல் நீராவிக்குப் பதிலாக எண்ணெயும் மின்சாரமும் அந்த வேலையைச் செய்கின்றன. தட்டுகள் 86 பாகை வரை எழக்கூடியவை, ஆனால் சிறு கலங்களுக்கு அவ்வளவு உயர்த்துவதில்லை. 1952 டிசம்பரில், பாலம் எழத் தொடங்கியபோது அதன்மேல் சென்றுகொண்டிருந்த 78ஆம் இலக்கப் பேருந்தை அதன் சாரதி வேகமெடுத்து மறுபக்கத் தட்டுக்குத் தாவச்செய்தார். பேரனுக்கு இதுவே மிகப் பிடிக்கும் என நினைக்கிறேன்.

களனியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை துறைமுகத்தின் இருப்பிடத்தில் இருக்கிறது. தேம்ஸ் நதியில் டவர் பாலத்துக்கு மேற்புறமாகவும் கப்பல்கள் சரக்கிறக்கும் துறைகள் இருந்தன. அவற்றின் வழியை அடைக்காமல் சாலை அமைக்கவே 1894இல் அந்தப் பாலம் எழுந்தது. கொழும்பிலோ துறைமுகம் ஆற்றுக்கு வெளியே, முகத்துவாரத்துக்குத் தெற்கே, அலைதடுப்புச் சுவர்களுக்குள் அமைந்தது. ஆயினும் நமக்கும் ஒருகாலத்தில் திறக்கும் பாலம் இருந்தது. 1822இல் கிராண்ட்பாஸ் அருகே படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த பாலத்தில், இடைப்படகுகளை விலக்கி ஆற்றுப் போக்குவரத்துக்கு வழிவிட்டார்கள். நீர்மட்டத்தோடு கிடந்த அந்தப் பாலம் சிறு படகுக்கும் திறந்தாக வேண்டியிருந்தது. 1895இல் விக்டோரியா பாலம் நீருக்கு மேலே நிலையாக எழுந்தபின் அந்தத் தேவை இல்லாமற்போனது.