அப்டேட் ஆனதும் மானிட்டர் இருண்டதா? மதர்போர்டில் கை வைக்க விடாதீர்கள்

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். லேப்டாப்போடு தனி மானிட்டர் இணைத்திருக்கிறேன். முந்தாநாள் இரவு விண்டோஸ் 11 அப்டேட் ஆனது. காலையில் மானிட்டரில் 'நோ சிக்னல்'. லேப்டாப் திரை நன்றாகத்தான் இருக்கிறது. மதர்போர்டில் ஐசி போய்விட்டது, ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முந்தாநாள் வரை ஓடிய மானிட்டர் அப்டேட் ஆன மறுநாளே இருண்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை, அதாவது திரையை இயக்கும் மென்பொருளை. உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸின் ஹெச்டிஎம்ஐ ஒயரை டிவியிலிருந்து கழற்றி மானிட்டரில் செருகுங்கள். படம் வந்தால் மானிட்டர் நல்லாயிருக்கிறது. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமலே போர்டைக் கழற்றும் கடைகளைத் தினமும் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

அடுத்து, விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை கறுத்து மீளும். டிஸ்ப்ளே டிரைவர் புதிதாகத் தொடங்கும். அப்போதும் வராவிட்டால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் வரியை விரியுங்கள். இன்டெல், ஏஎம்டி என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கிறதா? சரியான டிரைவர் ஓடவில்லை என்று அர்த்தம். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். பெயர் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால் அந்தப் பெயரின் பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும், பழையதற்குத் திரும்பலாம்.

கூகுளில் தேடி மேலே விளம்பரமாக வரும் 'டிரைவர் அப்டேட்டர்' எதையும் போடாதீர்கள். 'சப்போர்ட்' எண்ணுக்கு போன் செய்யவும் வேண்டாம். எங்கிருந்தோ உங்கள் லேப்டாப்பை இயக்க வழிவிடும் எனி டெஸ்க் செயலியைப் போடச் சொல்வார்கள். கணக்கு வேலை பார்க்கும் லேப்டாப், அதில் ஊரார் கணக்கெல்லாம் இருக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மானிட்டரை நேராகச் செருகாமல் டாக் (பல இணைப்புகளைத் தரும் இடைப்பெட்டி) வழியாக இணைத்திருந்தால் கதை வேறு. அந்த டாக் பழைய அகல யூஎஸ்பி முனையில் செருகுவது என்றால் உள்ளே தனியாக ஒரு சிப் இருக்கும், பெரும்பாலும் டிஸ்ப்ளேலிங்க் கம்பெனியுடையது. அது தன் சொந்த மென்பொருளை நம்பி ஓடுவது. இன்டெல் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் அது சரியாகாது. டிஸ்ப்ளேலிங்க் மென்பொருளைப் புதிதாகப் போட வேண்டும். இது விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. 2018 மார்ச்சில் ஆப்பிளின் மேக் ஓஎஸ் 10.13.4 வந்தபோது இந்த டாக்குகளில் இருந்த மானிட்டர்கள் எல்லாம் இருண்டன. 10.13.3-ஐ விட்டு நகராதீர்கள் என்று டிஸ்ப்ளேலிங்கே சொல்ல வேண்டி வந்தது. இவ்வளவு பெரிய கம்பெனிகள் சோதித்துப் பார்ப்பதை நம் தலையில்தான் கட்டுகின்றன. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறவரின் வேலை நின்றால் யார் பொறுப்பு?

எதுவும் பலிக்காவிட்டால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி போய் அந்த அப்டேட்டையே நீக்கலாம். வந்தது பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். லேப்டாப் இன்னும் அந்தக் கடையில் இருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள்.