அடுத்த பதிப்பைத் தள்ளிவைக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் ஐவர் சேர்ந்து, சிறு நூலகங்களுக்கான ஒரு திறமூல மென்பொருளைப் பராமரித்து வருகிறோம். நான்கு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் கடைசி வாரம் முழுவதும் கையாலேயே சோதித்துக் களைத்துப்போகிறோம். ஒரு பதிப்பைத் தள்ளிவைத்து, அந்தக் காலத்தில் தானியங்கிச் சோதனைகளை எழுதலாம் என்கிறார் ஒருவர். பயனர்கள் விலகிவிடுவார்கள் என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். எது சரி?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தள்ளிவைக்கச் சொல்பவரின் பக்கமே நான் நிற்கிறேன். ஆனால், கிடைக்கும் காலத்தில் புதிய வசதி எதையும் சேர்ப்பதில்லை என்று ஐவரும் உறுதியாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வழங்கல் (லினக்ஸ் இயங்குதளத்தையும் அதற்கான மென்பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தருவது) எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு வந்தது. 2012 ஜூலையில் வர வேண்டிய 12.2 பதிப்பு செப்டம்பருக்குத் தள்ளிப்போனபோதே, வேலை செய்யும் முறையை மாற்றியாக வேண்டும் என்று அதன் வெளியீட்டுப் பொறுப்பாளர் வெளிப்படையாக எழுதினார். 2013 நவம்பர் 19 அன்று 13.1 வந்தது, அடுத்ததை அவசரப்படுத்தாமல், ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2014 நவம்பர் 4 அன்றுதான் 13.2-ஐ வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில், ஓப்பன்சூசேவுக்கு ஆதரவளிக்கும் சூசே நிறுவனத்தின் குழு ஓப்பன்கியூஏ என்ற சோதனைக் கருவியைச் செம்மைப்படுத்துவதில் பெரிதும் கவனம் செலுத்தியது.

அந்தக் கருவி செய்வது, நீங்கள் கடைசி வாரத்தில் செய்யும் அதே வேலைதான். அது ஒரு மெய்நிகர் கணினியை (கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கப்பட்ட இன்னொரு கணினியை) இயக்கி, நிறுவல் திரை தோன்றும்வரை காத்திருந்து, முன்பே சேமித்து வைத்த படத்துண்டோடு அத்திரையை ஒப்பிட்டு, பொருந்தினால் பொத்தானை அழுத்தி அடுத்த திரைக்குச் செல்கிறது. பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே நின்று, தான் கண்ட திரையைப் படமாகக் காட்டுகிறது. முன்பெல்லாம் ஒரு பழுதான மென்பொருள் தொகுப்பு உள்ளே வந்தால், ஃபேக்டரி எனப்படும் வளர்ச்சிக் கிளையில், அதாவது அடுத்த பதிப்பு உருவாகும் இடத்தில், எல்லோருடைய வேலையும் நின்றுவிடும். பிறகோ, மாற்றங்களைத் தனியிடத்தில் தொகுத்துச் சோதித்த பின்னரே உள்ளே விட்டார்கள். 13.2 வெளியான அதே நவம்பரில், அந்தக் கிளை டம்பிள்வீட் என்ற பெயரில் அன்றாடம் பயன்படுத்தத்தக்க தொடர் வெளியீடாகவே, அதாவது பதிப்புக்காகக் காத்திராமல் மாற்றங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வழங்கலாகவே, மாறியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: ஓராண்டு பொறுத்தவர்களுக்கு, அதன்பின் எட்டு மாதக் காத்திருப்பே தேவையற்றதாயிற்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வழங்கலில் ஒரு பதிப்பு வந்தால், அதற்கு இரண்டு பதிப்புகள் முந்தையதன் பராமரிப்பு ஒரு மாதத்தில் முடியும். 2014-இல் 21-ஆம் பதிப்பு டிசம்பர்வரை தாமதமானதால், 2013 ஜூலையில் வந்த 19-ஆம் பதிப்பை வழக்கமான 13 மாதத்துக்குப் பதிலாகச் சுமார் 18 மாதம் பராமரிக்க நேர்ந்தது. நீங்களும் பழைய பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களை யார் கவனிப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஓப்பன்சூசேவில் ஊதியம் பெறும் குழு இருந்தது, உங்களிடம் மாலை நேரங்கள் மட்டுமே இருக்கும். ஆகவே புத்தகம் வழங்குதல், திரும்பப் பெறுதல், தாமதக் கட்டணம் ஆகிய மூன்றையும் முதலில் தானியக்கமாக்குங்கள். புதிய தேதியையும் காரணத்தையும் நூலகர்களுக்கு இப்போதே எழுதிவிடுங்கள். சொல்லாமல் தாமதித்தால்தான் அவர்கள் விலகுவார்கள்.

கேள்வி: தானியங்கிச் சோதனை வந்தபின் மனிதர் சோதிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டும். கருவி தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே பார்க்கும். 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் சிதறித் தோன்றினாலும், அந்த இடத்தைப் பார்க்கும்படி யாரும் எழுதி வைக்காதவரை, சோதனை வெற்றி என்றே அது அறிவிக்கும். அப்படி ஒரு பிழையைக் கண்ணால் கண்டவர், அன்றே அதற்கு ஒரு சோதனையை எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.