பக்கத்து சீட்டுக்காரரின் மூக்கு

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறினால் வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை பசி தாங்காது. காலையில் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டில் பாதி அப்படியே இருக்கும். அதை பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிடுவேன். போன வாரம் மீன் வறுவல். டப்பாவைத் திறந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தக் கருமத்தையெல்லாம் வீட்டிலேயே தின்னுட்டு வரக் கூடாதா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். மூடி வைத்துவிட்டேன். இறங்கும்வரை யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இத்தனைக்கும் முன் சீட்டில் ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டைக் கடைசிவரை நொறுக்கிக்கொண்டே வந்தான். அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "பஸ்ஸில் சாப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்கிறார் கணவர். "டிக்கெட் எடுத்தாச்சு, நம்ம சீட், நம்ம சாப்பாடு, யாருக்கு என்ன?" என்கிறாள் கூட வேலை செய்யும் தோழி. யார் சொல்வது சரி? (பெயர் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்த மனிதர் பேசிய விதத்துக்கு ஒரு சமாதானமும் கிடையாது. "கொஞ்சம் குமட்டுதும்மா, மூடி வைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தால் நீங்கள் அப்போதே மூடியிருப்பீர்கள், இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்க மாட்டீர்கள். 'கருமம்' என்பது வாடையைப் பற்றிய புகார் இல்லை, உங்களைப் பற்றிய பேச்சு. அது வலித்தது நியாயம்தான். ஆனால் அந்த வலியை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மூடிய பஸ்ஸில் மீன் டப்பாவைத் திறக்கலாமா என்று மட்டும் கேட்டால், திறக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதற்கான காரணம் உங்களுக்கே தெரியும், வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். கீமோதெரபி எடுக்கும் நோயாளிக்குச் சாப்பாட்டுத் தட்டு போகும்போது, மூடியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் திறக்காதீர்கள், தள்ளி நின்று திறந்துவிட்டுக் கொண்டுபோங்கள் என்று சொல்வார்கள் அல்லவா? மூடிக்குள் அடைபட்டிருந்த ஆவி மொத்தமும் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். சாப்பிட வேண்டியவரே தட்டைத் தள்ளிவிடுவார். உங்கள் டப்பாவும் மணிக்கணக்காக மூடியே இருந்தது. பஸ்ஸில் அதைத் திறந்த முதல் நிமிடம்தான் மோசமான நிமிடம். உங்களுக்கு அது உறைத்திருக்காது. பக்கத்து சீட்டுக்கு உறைத்திருக்கும்.

ஏன் உங்களுக்கு உறைக்காது? சாப்பிடுகிறவருக்கு மணம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, மூக்குத் துளை வழியாக. இன்னொன்று, மெல்லும்போது தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்குக்குப் போவது. இந்த இரண்டாவது வழியில் வருவதை நாம் மணமாகவே எண்ணுவதில்லை, ருசியில் சேர்த்துவிடுகிறோம். ஜலதோஷம் பிடித்தால் சாப்பாடு சப்பென்று ஆவது இதனால்தான். பக்கத்தில் இருப்பவருக்கோ ருசியும் இல்லை, பசியும் இல்லை, வெறும் வாடை மட்டும். போதாததற்கு, ஒரே வாடையை முகர்ந்துகொண்டே இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். ஆகவே "அவ்வளவு ஒண்ணும் வாடை அடிக்கலையே" என்று சாப்பிடுகிறவர் சொன்னால், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த சாட்சியம் செல்லாது. என் சாப்பாடு மணக்கிறதா என்று என்னாலேயே தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் எல்லாச் சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

சில பொருள்கள் கொஞ்சமாக இருந்தாலே போதும். வேகவைத்த முட்டை, பூண்டு, வெங்காயம் இவற்றின் வாடைக்குப் பெரும்பாலும் கந்தகம் சேர்ந்த பொருள்கள்தான் காரணம். கந்தக வாடைக்கு நம் மூக்கு எவ்வளவு கூர்மை என்றால், சமையல் எரிவாயு கசிந்தால் தெரியட்டும் என்று அதில் கலப்பதும் அந்த வகைப் பொருளைத்தான், துளியிலும் துளி. பூண்டு இன்னும் ஒரு படி மேலே. செரித்த பிறகு அதிலிருந்து வரும் ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகப் பல மணி நேரம் மூச்சில் வெளியே வந்துகொண்டிருக்கும். பல் துலக்கினாலும் முழுசாகப் போகாது. (அதற்காக ஷிஃப்டுக்கு முன்னால் பூண்டே சாப்பிடாதீர்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் கொடுமைக்காரி இல்லை.) மீனில் டிரைமெத்தைலமீன் என்று ஒன்று இருக்கிறது. கவிச்சி அதுதான். நேரம் ஆக ஆகக் கூடும். எலுமிச்சை பிழிந்தால் அடங்குவதற்குக் காரணம், புளிப்பு பட்டதும் அது ஆவியாகிப் பறக்க முடியாத உப்பாக மாறிவிடுவது.

இனி பக்கத்து சீட்டு. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஓடுகிற வண்டியில் தலைசுற்றல், வாந்தி வரும் உடம்புக்காரர்களுக்கு வாடை எரிகிற தீயில் எண்ணெய். ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பலருக்கு வாடையே ஆகாது. கர்ப்பிணிகளுக்குக் குமட்டல் அதிகமாக இருப்பது முதல் 3 மாதங்களில். அப்போது வயிறு வெளியே தெரியாது, யாரும் எழுந்து இடம் தரவும் மாட்டார்கள். இவர்களில் ஒருவரும் "எனக்கு உடம்பு இப்படி" என்று எழுதி மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதில்லை. உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் வெறும் முசுடாகவே இருக்கலாம், அது வேறு. நாம் யோசிக்க வேண்டியது அவருக்குப் பின்னால் வாயைத் திறக்காமல், ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி. எழுந்துபோக வழி இல்லாத இடம் அது. ஹோட்டலில் பிடிக்கவில்லை என்றால் மேஜை மாறலாம். கூட்டமான பஸ்ஸில் இறங்கினால்தான் உண்டு.

சரி, சிப்ஸ் பையன். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவன்தான். வறுத்த உருளைக்கிழங்கும் மணக்கத்தான் செய்கிறது, சத்தம் வேறு. இருந்தும் யாருக்கும் அது உறுத்தவில்லை. பழகிய மணம் எவருக்கும் வாடையாகப் படாது. பழகாததுதான் மூக்கைப் பொத்த வைக்கும். "வாடை அடிக்கும் சாப்பாடு" என்று சொல்லும்போது நாம் பாதி நேரம் சொல்வது "எங்கள் வீட்டில் சமைக்காத சாப்பாடு" என்பதைத்தான். அந்தக் குத்தல் அவர் பேச்சிலும் இருந்ததாக நீங்கள் உணர்ந்தால், அது உங்கள் கற்பனை என்று சொல்ல மாட்டேன்.

வியன்னா நகரில் 2018இல் இதே சிக்கல் வந்தது. ஒரு மெட்ரோ தடத்தில் வாடை அடிக்கும் உணவுகளுக்கு மட்டும் தடை போடலாம் என்று முதலில் நினைத்தார்கள். எது வாடை, எது வாசம் என்று யார் முடிவு செய்வது? பயணிகளிடம் கருத்துக் கேட்டபோது, ஒரேயடியாக எல்லா உணவையும் தடை செய்யுங்கள் என்ற பக்கம்தான் கை ஓங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அந்தத் தடத்திலும், 2019 ஜனவரியில் மெட்ரோ முழுவதிலும் தடை வந்துவிட்டது. மீனுக்கும் தடை, சிப்ஸுக்கும் தடை. கடுமைதான். ஆனால் யார் வீட்டுச் சமையலையும் தனியாகச் சுட்டிக்காட்டவில்லை.

விதியையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மெட்ரோ இருக்கிறது. 2000இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஸ்டேஷனுக்குள் ஒரே ஒரு உருளைக்கிழங்கு வறுவலை வாயில் போட்டதற்காகக் கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். வழக்கு மேல்முறையீடு வரை போனது. நடந்தது யாருக்கும் மகிழ்ச்சி தரவில்லை என்று சொல்லிக்கொண்டே, சட்டப்படி செல்லும் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் ஜான் ராபர்ட்ஸ், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தலைமை நீதிபதி ஆனார். உங்கள் பக்கத்து சீட்டுக்காரரிடம் விலங்கு இல்லாமல் போனது நல்லதாயிற்று.

உங்கள் பஸ்ஸில் சாப்பிடக் கூடாது என்று பலகை இருந்தால் பேச்சே இல்லை, அதோடு விஷயம் முடிந்தது. இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் தோழி சொல்லும் 'நம்ம சீட்' வாதம் எடுபடாது. டிக்கெட் வாங்கினால் சீட் நமதாகும். வண்டிக்குள் இருக்கும் காற்றுக்குத் தனி டிக்கெட் இல்லை, அது எல்லாருக்கும் பொது. அதிலும் ஏசி வண்டி என்றால் உள்ளே இருக்கிற காற்றில் பெரும்பகுதிதான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். கணவரின் "சாப்பிடாதே"யும் எனக்கு ஏற்பில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த ஒருவரை இன்னும் ஒன்றரை மணி நேரம் பட்டினி கிட என்று சொல்வது சுலபம், அவர் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது.

பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் எடுத்துக்கொள்ள முடியுமா? சீருடை மாற்றும் அறையிலோ, நிறுத்தத்தில் திறந்த வெளியிலோ டப்பாவை முடித்துவிடலாம். அடுத்த பஸ் அரை மணி கழித்துத்தான் என்றால், பஸ்ஸுக்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: வாழைப்பழம், ரொட்டி, பிஸ்கட், வறுத்த கடலை. சூடில்லாதது, உலர்ந்தது, கையில் ஒட்டாதது, இரண்டு வாயில் முடிவது. சூடு இருந்தால் எதுவுமே அதிகமாக மணக்கும். ஆரஞ்சு நல்ல வாசம்தானே என்று உரிக்காதீர்கள், அதன் தோல் பஸ் முழுக்கத் தெரியும். சாப்பிட்ட கையைத் துடைத்த காகிதத்தை சீட்டுக்கடியில் போட்டால், நீங்கள் இறங்கிய பிறகும் வாடை பயணம் போகும். ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டு வீட்டுக்கே கொண்டுபோங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை குறைந்து கை நடுங்கினால் இந்த மரியாதை எதுவும் பொருந்தாது. இனிப்போ பழமோ, சர்க்கரை உள்ளது எது கையில் இருக்கிறதோ அதை உடனே சாப்பிட வேண்டியதுதான். ராத்திரி முழுக்கப் போகிற நீண்ட தூர ரயிலும் வேறு கணக்கு. அங்கே சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருக்கிறது, எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாகப் பிரித்து உட்காருகிறார்கள், அதில் ஒருவர் டப்பா மட்டும் தனியாக மணப்பதில்லை. எல்லாரும் படுத்து விளக்கணைத்த பிறகு பூண்டு மணக்கப் பொட்டலம் பிரிப்பவரைத்தான் அங்கே முறைக்க வேண்டும்.

மறுபடியும் யாராவது முகம் சுளித்தால்? "மன்னிச்சுக்குங்க, மூடிடறேன்" போதும். காரணம் சொல்ல வேண்டாம், நர்ஸ் வேலை, பசி, தூரம் எதையும் விளக்க வேண்டாம். குரல் உயர்ந்தால் மட்டும், "மூடிட்டேன் சார், இன்னும் என்ன?" என்று கேளுங்கள். அதற்கு மேல் அவர் பேசினால், திரும்பிப் பார்க்கிறவர்கள் உங்களைப் பார்க்க மாட்டார்கள்.

வாடையைவிட எனக்கு வேறொரு கவலை. காலையில் கட்டிய மீனை ஷிஃப்ட் முடிந்து சாப்பிடத் திறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை வார்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்களா, பையிலேயே இருந்ததா? சமைத்த மீனை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் காலத்தில் 1 மணி நேரமே அதிகம் என்று நோயாளிகளுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். பையில்தான் இருந்தது என்றால், அந்த மனிதர் கத்தாமல் இருந்திருந்தாலும் அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் இருந்தால் மதியமே எடுத்து, எலுமிச்சை பிழிந்து, அங்கேயே முடித்துவிடுங்கள். பஸ்ஸுக்கு வாழைப்பழம்.