பிரேசில் தேனை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். போன வாரம் வாங்கிய ஆர்கானிக் தேன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பிரேசில் என்று போட்டிருக்கிறது. அங்கே இருப்பது ஆளைக் கொல்லும் ஆப்பிரிக்கத் தேனீ, அதன் விஷம் தேனிலும் வரும் என்கிறார் என் நாத்தனார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்த ஊர்த் தேனும் வேண்டாம். தேனீயின் விஷம் கொடுக்கோடு ஒட்டிய பையில் இருக்கிறது, தேனில் கலப்பதில்லை.

ஆனால் உங்கள் நாத்தனார் சொல்வது வெறும் கட்டுக்கதையும் இல்லை. 1956ல் வார்விக் கெர் என்ற விஞ்ஞானி, வெப்பமான ஊருக்கு ஏற்ற தேனீ வேண்டும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு ராணித் தேனீக்களைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே சாவ் பாவ்லோ மாநிலத்தில் ரியோ கிளாரோ பக்கம் 26 கூட்டங்கள் தப்பிப்போய், அங்கே ஏற்கெனவே இருந்த ஐரோப்பியத் தேனீக்களோடு கலந்துவிட்டன. சட்டென்று கோபித்துக் கூட்டமாகக் கொட்டும், அடிக்கடி பிரிந்து பறந்துவிடும் இந்தக் கலப்புத் தேனீயைச் சமாளிக்க முடியாமல் தேனீ வளர்ப்பவர்கள் பலர் தொழிலையே விட்டார்கள், உற்பத்தியும் விழுந்தது. தாக்குப்பிடித்தவர்கள் பெட்டிகளை வீட்டை விட்டுத் தள்ளி வைத்து, கனமான உடுப்பும் பெரிய புகைமூட்டியும் வாங்கி, வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலகம் முழுக்கத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்யும் வரோவா உண்ணியை இந்தத் தேனீ பெரும்பாலும் தானாகவே தாங்கிக்கொள்வதால், மருந்துச் செலவு மிச்சம். வடகிழக்கில் பியாவி மாதிரி வறண்ட மாநிலங்களில், பூச்சிமருந்து அடிக்கும் வயல்களுக்குத் தூரமான முட்காட்டுப் பூக்களில் இருந்து தேன் எடுக்கிறார்கள். ஆர்கானிக் சான்று கிடைப்பதற்கு இதெல்லாம் பெரிய உதவி. பிரேசில் ஏற்றுமதி செய்யும் தேனில் பெரும்பகுதியை வாங்குவது அமெரிக்காதான். 2025 ஆகஸ்டில் பிரேசில் பொருட்கள் மீது 50% வரி விழுந்தபோது அந்த வறண்ட ஊர்க் குடும்பங்களுக்குத்தான் முதல் அடி.

இன்னொன்று, இதே தேனீ 1990லேயே டெக்சாஸுக்கும் வந்துவிட்டது. அங்கே தேனீ வளர்ப்பவர்கள், தேனீக் கூட்டம் சாதுவாக இருக்க ராணியைக் காசு கொடுத்து மாற்றுகிறார்கள், அந்தச் செலவும் உள்ளூர்த் தேன் விலையில் சேரும். அதனால் தேனீயைப் பார்க்காதீர்கள், லேபிளைப் பாருங்கள். ஒரே நாட்டின் பெயரும் ஆர்கானிக் முத்திரையும் இருந்தால் வாங்கலாம். நாலைந்து நாடுகளின் பெயர் வரிசையாக இருந்தால் அது கலவைத் தேன், அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்.