வாசகர் கேள்வி – பதில்: விசுவாசிக்கிறவன் பதறான்

கேள்வி: கடந்த ஜூன் மாதத்தில் ஒரு நள்ளிரவில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்தாக வேண்டும் என்று சொல்லி, கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினார்கள். கர்த்தருடைய சித்தத்தை அறியாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று நினைத்து, பையில் இருந்த வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட இடத்தைப் படித்தேன். முதல் முறை ஒரு வம்ச அட்டவணை வந்தது. இரண்டாம் முறை, ஆசா ராஜா தன் வியாதியிலும் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்ற வசனம் வந்தது. அதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அரை மணி நேரத்திற்குமேல் நான் அப்படியே உட்கார்ந்திருக்க, என் கொழுந்தனார் வந்து கையெழுத்துப் போட்டார். கணவர் பிழைத்துவிட்டார். ஆனால் நான் அன்று செய்தது விசுவாசமா, அவிசுவாசமா என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவர் பிழைத்ததற்காக முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்த அரை மணி நேரத்தை நீங்கள் ஒரு குற்றப்பத்திரிகைபோல இத்தனை மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த இரவில் நீங்கள் தேவனைத் தேடினீர்கள் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. அவரைத் தேடிய முறையில்தான் பிழை இருந்தது. அந்த முறையை உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் எங்களைப் போன்ற போதகர்களுக்கும் பங்கு உண்டு. புத்தாண்டு ஆராதனையில் ஒரு கூடையிலிருந்து வாக்குத்தத்த அட்டையை எடுக்கச் செய்து, அதுவே இந்த ஆண்டு முழுவதற்கும் உங்களுக்கான வார்த்தை என்று சொல்லி அனுப்புகிறோம். வசனம் என்பது குலுக்கலில் விழுவது என்ற எண்ணம் அங்கேயே விதைக்கப்பட்டுவிடுகிறது.

உங்கள் விரல் பட்ட வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அது 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தின் 12-ஆம் வசனம். அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்திருந்தால் வேறொரு மனிதனைக் கண்டிருப்பீர்கள். ஆசா கர்த்தருடைய ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்பி அவனுடைய தயவை வாங்குகிறான். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் அடைக்கிறான். ஜனங்களில் சிலரை ஒடுக்குகிறான். கர்த்தரைத் திட்டமாக ஒதுக்கிவைத்த ஒரு மனிதனுடைய கடைசிப் படலம்தான் அந்த வியாதி. மருத்துவரிடம் போனது அவனுடைய குற்றம் அல்ல. கர்த்தரிடம் போகாததே குற்றம். அதே வேதத்தில் யூதாவின் ராஜாவான எசேக்கியாவின் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. பவுலுக்குப் பிரியமான தோழரான லூக்கா ஒரு வைத்தியர். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். இத்தனையும் ஒரே வேதாகமத்தில் இருக்க, ஒரு விரல்நுனி அகல இடத்தை மட்டும் கர்த்தருடைய தீர்ப்பாக எடுத்துக்கொள்வது வேதத்தை நம்புவது ஆகாது. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்ன பிசாசும் 91-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்துத்தான் பேசினான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? தாவீது சிக்லாகுக்குத் திரும்பி வந்த நாளைப் பாருங்கள். ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவிகளையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட இருந்தவர்களே அவனைக் கல்லெறிய வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். வேதம் முதலில் சொல்வது, அவர்கள் அழுவதற்குப் பெலனில்லாமற்போகுமட்டும் அழுதார்கள் என்பதுதான். அழுகை விசுவாசக் குறைவு அல்ல. பிறகு தாவீது கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான். அதன் பிறகே ஆசாரியனை அழைத்துக் கர்த்தரிடத்தில் விசாரித்தான். பின்தொடர்ந்து போ என்று பதில் வந்தது. எந்தத் திசையில் போவது என்று அந்தப் பதிலில் இல்லை. அதைச் சொன்னது, வியாதிப்பட்டதால் எஜமானால் கைவிடப்பட்டு வெளியிலே கிடந்த ஓர் எகிப்திய வேலைக்காரன். மூன்று நாளாகச் சாப்பிடாதிருந்த அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையில் ஒரு துண்டும் இரண்டு வற்றலான திராட்சக்குலைகளும் கொடுத்து, அவன் தெளிந்த பின்பு கேட்டு அறிந்தார்கள். கர்த்தர் பதில் சொல்லிவிட்டாரே, இவனிடம் எதற்காக விசாரிக்க வேண்டும் என்று தாவீது நினைக்கவில்லை. அந்த இரவில் உங்களுக்கு வழி சொல்லக்கூடியவர் பச்சை உடையோடு படிவத்தை நீட்டிக்கொண்டு நின்ற மருத்துவர்தான். அடைப்பு எங்கே இருக்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் என்ன ஆபத்து என்ற மூன்று கேள்விகளை அவரிடம் கேட்பதும் ஜெபத்தின் ஒரு பகுதியே. மாரடைப்பில் நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே போகும் என்று அவர் சொல்லியிருப்பார்; அதைக் கேட்டதும் உங்கள் கை தானாகவே பேனாவை எடுத்திருக்கும்.

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில், “தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்” என்கிறார். தெளிந்த புத்தி என்று நம் மொழியில் அழகாக வந்திருக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தன்னடக்கம், நிதானம் என்ற பொருள்களும் உண்டு. சிந்திப்பதை நிறுத்திவிட்டு அடையாளத்துக்காகக் காத்திருப்பதை விசுவாசம் என்று நினைக்கிறவர்கள் இந்த வசனத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். தேவன் தருகிற தெளிந்த புத்தியும் அவருடைய ஈவுதான். அதைப் பயன்படுத்துகிறவன் அவரை விட்டு விலகிப்போகவில்லை.

இன்னும் ஒன்று. நெருக்கடி நேரத்தில் நீண்ட ஜெபம் வராது. என் மகனுக்குச் சிறு வயதில் வலிப்பு வந்த ஓர் இரவில், ஆட்டோவில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு போகையில், இருபது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்த எனக்கு “கர்த்தாவே” என்ற ஒரு சொல்லுக்குமேல் எதுவும் வாயில் வரவில்லை. பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரனான நெகேமியாவும் ராஜாவின் முன்னே திராட்சரசக் கிண்ணத்தோடு நின்றபோது, ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரந்தான் ஜெபித்தான். ஆனால் அதற்கு முன்பு கிஸ்லேவு மாதத்திலிருந்து நிசான் மாதம்வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள், அவன் உபவாசித்து ஜெபித்திருந்தான். வனாந்தரத்தில் இயேசுவின் கையில் சுருள் எதுவும் இல்லை. மூன்று சோதனைகளுக்கும் அவர் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார், ஏனென்றால் அது அவருக்குள்ளே இருந்தது. ஆகவே வேதாகமத்தைத் திறக்க வேண்டிய நேரம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் அல்ல, காலையில் பால் காயும் நேரம். ஒரு புத்தகத்தை எடுத்து, முதலிலிருந்து, நாளுக்கு ஓர் அதிகாரமாகப் படியுங்கள். 2 நாளாகமத்திலேயே தொடங்குங்கள். அந்த வசனத்தைக் கண்டு நீங்கள் இனிப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: மழைக்காலத்திற்கு முன்பே அரிசி, மருந்து, ஆவணங்கள் எல்லாவற்றையும் மேல் தளத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று நான் சொன்னால், “கர்த்தர் காப்பார், நீ ஏன் பயப்படுகிறாய்?” என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?
– வாசகி, வேளச்சேரி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரிக்காரருக்கு இதற்கு வேதவசனம்கூடத் தேவையில்லை, ஆனாலும் தருகிறேன். “விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான், பேதைகளோ நெடுகப்போய் தண்டிக்கப்படுகிறார்கள்” என்று நீதிமொழிகள் 22:3 சொல்கிறது. பஞ்சம் வருமென்று தேவன் அறிவித்தபோது, யோசேப்பு ஏழு வருஷம் தானியத்தைச் சேர்த்து வைத்தான். உங்கள் அத்தையிடம் இதை வாதமாகச் சொல்லாமல், அவருடைய மாத்திரைகளையும் வேதாகமத்தையும் முதல் பெட்டியில் வைத்து மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். காவல்துறை என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் வந்தவர்கள், என் ஆதார் எண்ணில் குற்றம் நடந்திருக்கிறது, நீங்கள் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருக்கிறீர்கள், யாரிடமும் பேசக் கூடாது என்றார்கள். ஐந்து மணி நேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் திரையின் முன்னே உட்கார்ந்திருந்தேன். இடையில் ஜெபித்தேன். பணத்தைக் கட்டிவிடு என்று மனதில் ஒரு சமாதானம் வந்ததுபோல் இருந்தது, கட்டிவிட்டேன். போனது என் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதி. மனைவிக்கு இன்னும் தெரியாது. ஜெபித்தும் நான் ஏன் ஏமாந்தேன்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று நீங்கள் அனுமதி தந்ததால் அதன் ஒரு பகுதியை இங்கே தருகிறேன்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. எந்தக் காவல்துறை அதிகாரியும் வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைது செய்து பணம் கட்டச் சொல்ல மாட்டார். இப்படி ஏமாந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கிகளில் முடக்க வாய்ப்பு உண்டு.

இனி உங்கள் கேள்வி. நெகேமியாவின் 6-ஆம் அதிகாரத்தில் இதே வலை விரிக்கப்படுகிறது. எருசலேமின் அலங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவைத் தடுக்க நினைத்த சன்பல்லாத்து நான்கு முறை ஆள் அனுப்புகிறான். ஐந்தாம் முறை முத்திரையில்லாத ஒரு நிருபம் வருகிறது. நீ கலகம் பண்ண நினைக்கிறாய், இந்தச் செய்தி ராஜாவின் காதுக்குப் போகும், ஆகையால் உடனே வா, பேசிக்கொள்வோம் என்கிறது அது. பொய்க் குற்றச்சாட்டு, மேலிடத்தின் பயம், அவசரம் ஆகிய மூன்றும் உங்களுக்கு வந்த அழைப்பிலும் இருந்தன. பிறகு செமாயா என்பவன், இரவில் உன்னைக் கொல்ல வருவார்கள், ஆலயத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம் என்று தீர்க்கதரிசனம்போலவே சொல்கிறான். நெகேமியா அதை எப்படிக் கண்டுபிடித்தான்? ஆசாரியன் அல்லாதவன் ஆலயத்துக்குள் பிரவேசிக்கக் கூடாது என்ற கட்டளை அவனுக்குத் தெரியும். தேவன் முன்பே சொன்னதற்கு எதிராக ஒரு குரல் பேசினால், அது எவ்வளவு பக்தியாக ஒலித்தாலும் தேவனுடைய குரல் அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு வந்த சமாதானத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஐந்து மணி நேரப் பயத்துக்குப் பிறகு, இது எப்படியாவது முடிந்தால் போதும் என்று உடல் கேட்கிற ஓய்வு அது. அதற்கும் தேவசமாதானத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த அறைக்குள் தெரியாது. கதவைத் திறந்து இன்னொருவரிடம் சொன்னால் தெரிந்துவிடும். ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்கிறது நீதிமொழிகள். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் மிரட்டினால், அந்த ஒரு வார்த்தையே அவர் யார் என்பதற்குப் போதுமான சாட்சி. “விசுவாசிக்கிறவன் பதறான்” என்று ஏசாயா 28:16 சொல்கிறது. பதறவைக்கிறவனுக்கு நாம் கொடுக்கக்கூடிய சிறந்த பதில், அழைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் குடித்து, மனைவியைக் கூப்பிடுவது.

வேதத்தை இத்தனை ஆண்டுகள் படித்தும் ஏமாந்தேனே என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். 1742 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னையிலும், அதில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக்கு அருகே வேப்பேரியிலும் ஊழியம் செய்தவர் ஜெர்மானிய மிஷனெரி ஃபப்ரீஷியஸ். 1758-இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட வந்தபோது தம் சபையாரோடு பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரி அச்சகத்தில் வெளிவந்தது. நாம் இன்று வாசிக்கிற தமிழ் வேதாகமத்தின் நடையில் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் அளந்து எழுதிய அந்த மனிதர் முதிர்வயதில் பணக் கொடுக்கல் வாங்கலில் ஏமாந்து, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். அதனால் அவருடைய ஊழியம் பொய்யாகிவிடவில்லை. உங்கள் விசுவாசமும் பொய்யாகிவிடவில்லை.

அசீரியாவிலிருந்து மிரட்டல் நிருபம் வந்தபோது, எசேக்கியா அதை ஒளித்துவைக்காமல் ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்தான். ஏசாயாவுக்கும் ஆள் அனுப்பினான். நீங்கள் உங்கள் வங்கிப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, மனைவியை அருகே உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள். இருவருமாக ஜெபியுங்கள். மறுநாள் காலை இருவருமாகவே சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். அழைப்பு வந்த எண்ணையும் பணம் போன கணக்கு விவரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். புகார் எண் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.