நல்ல படம்தான்... மனசு ஒட்டவில்லையே!

உலகமே கொண்டாடும் படத்தைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை?’ என்று தவிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் பாதியில் தூங்கிவிட்டேன். கோளாறு என்னிடமா, படத்திலா?

பதில்: இரண்டிலும் இல்லை. 1968-ல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த இந்தப் படத்தில் முதல் வசனத்தைக் கேட்கவே ஏறக்குறைய 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியான சில நாட்களில் குப்ரிக்கே 19 நிமிடத்தை வெட்டினார். அதன் பிறகும் நீளம் 2 மணி 20 நிமிடத்தை ஒட்டி நிற்கிறது.

இதில் மனிதர்கள் பேசுவது வேண்டுமென்றே உப்புச்சப்பில்லாமல் எழுதப்பட்டது. பூமியிலிருந்து பெற்றோர் பிறந்தநாள் வாழ்த்து சொல்லும் காட்சியைக் கவனியுங்கள். விண்வெளி வீரர் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் படுத்துக் கிடக்கிறார். பின்னால் ஹால் என்ற கணினியின் நினைவகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, பயமாக இருக்கிறது என்று கெஞ்சுவது அந்த இயந்திரம்தான். மனிதன் மரத்துப்போக, இயந்திரம் துடிக்கிறது. பிரமாதமான யோசனை. ஆனால் ஒரு பாத்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு படத்துக்குள் நடக்கும் பழக்கமுள்ளவருக்கு இங்கே பிடிக்கக் கையே கிடைக்காது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான்காவது முறை பார்ப்பதாக இருந்தால்: இது 70 மி.மீ. பெருந்திரைக்காக எடுத்த படம். பெரிய திரையில் கண் அலைந்து திரிய இடம் இருக்கும். கைபேசியில் மிஞ்சுவது மெதுவான நகர்வு மட்டும்தான். திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் உட்காருங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள். படத்துக்குள்ளேயே ஓர் இடைவேளை உண்டு, ஹால் உதட்டசைவைப் படிக்கும் காட்சி முடிந்ததும் வரும். முதல் நாள் அதுவரை பார்த்தால் போதும். அப்படியும் தூக்கம் வந்தால், தயங்காமல் ‘எனக்கான படம் இல்லை’ என்று எடுத்துவைத்துவிடலாம்.

கேள்வி: பழைய உன்னதப் படங்களை வீட்டு டி.வி.யில் போட்டால் சீரியல் மாதிரி தெரிகிறது. வசனமும் காதில் விழுவதில்லை. எப்படி ரசிப்பது?

பதில்: பெரும்பாலும் இது டி.வி. செய்யும் வேலை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகிறது. டி.வி.யோ நொடிக்கு 60 அல்லது 120 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப, இயக்குநர் எடுக்காத ஃபிரேம்களை டி.வி. தானே கணக்குப் போட்டுச் செருகுகிறது. அந்த வழுவழுப்புதான் சீரியல் தோற்றம். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குப் போய், ‘மோஷன்’ என்ற சொல்லோடு இருப்பதை எல்லாம் அணையுங்கள். ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோட் இருந்தால் அதில் வையுங்கள். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ முகங்களை மெழுகுபொம்மை ஆக்கிவிடும், அதையும் அணையுங்கள். ஷார்ப்னெஸைக் கூட்டினால் ஃபிலிமின் மென்மையான துகள்கள் மணலை வாரி இறைத்ததுபோல் ஆகிவிடும்.

அடுத்து சட்டக அளவு. 1950-க்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் சதுரத்தை ஒட்டியவை, அகலமும் உயரமும் 1.37-க்கு 1. இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவதுதான் சரி. ‘ஜூம்’ போட்டால் தலை வெட்டுப்படும், ‘வைட்’ போட்டால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். மௌனப் படத்தில் ஆட்கள் எறும்புபோல் ஓடினால், நொடிக்கு 16 முதல் 20 ஃபிரேம் வேகத்தில் எடுத்ததை 24-ல் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். வேறு பதிப்பைத் தேடுங்கள். வசனம் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆறு ஸ்பீக்கருக்கான ‘5.1’ ஒலித்தடம் இரண்டே ஸ்பீக்கரில் நசுங்குகிறது. ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ தடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா’ ஒன்றும் புரியவில்லை. இதைப் போய் ஏன் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்?

பதில்: எத்தனை நிமிடம் ஓடியது? 1984-ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது இந்தப் படத்தை 139 நிமிடமாகச் சுருக்கி, முன்னும் பின்னுமாகப் போகும் கதையை நேர்வரிசையில் அடுக்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் ஓடியது 229 நிமிடம். புகழப்படுவது இரண்டாவது. நீங்கள் பார்த்தது முதலாவதாக இருந்தால் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளேட் ரன்னர்’ இன்னொரு உதாரணம். 1982 பதிப்பில் கதாநாயகன் பின்னணிக் குரலில் எல்லாவற்றையும் விளக்குவார், முடிவும் சுபம். 1992 பதிப்பில் இரண்டும் போயின. இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழு உரிமையோடு முடித்தது 2007 பதிப்பு. பிடிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதும் முன் நேரத்தையும் பதிப்பையும் பாருங்கள்.

கேள்வி: 2022-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற ‘ழான் தீல்மான்’ படத்தில் ஒரு பெண் மூன்று மணி நேரத்துக்கு மேல் உருளைக்கிழங்கு உரிக்கிறார். இதையா மகத்தான படம் என்கிறார்கள்?

பதில்: முதலில் அந்த வாக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆளுக்குப் பத்துப் படங்கள் சொல்ல வேண்டும். எத்தனை பேர் பட்டியலில் ஒரு படம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 2012-ல் ‘வெர்டிகோ’ முதலிடம் பெற்றபோது 846 விமர்சகர்கள் வாக்களித்தார்கள், அதற்குக் கிடைத்தது 191. மீதி 655 பேரின் பத்தில் அந்தப் படம் இல்லை! முதலிடம் என்றால் ஒருமனதான தீர்ப்பு என்று எண்ண வேண்டாம்.

இனி படம். 1975-ல் இயக்குநர் ஷான்தால் அக்கெர்மன் இதை வெளியிட்டபோது அவருக்கு 24 வயது. கணவரை இழந்த, மகனோடு வாழும் ஒரு பெண்ணின் மூன்று நாட்கள். தினமும் பிற்பகலில் ஒரு ஆண் வந்து போகிறான். அவன் கொடுக்கும் பணம் சாப்பாட்டு மேசை மீதுள்ள மூடிபோட்ட பீங்கான் பாத்திரத்துக்குள் போகிறது. கேமரா நகர்வதே இல்லை, நேருக்கு நேராக, சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. முதல் நாள் எல்லாம் கச்சிதம். விளக்கைப் போடுவது, அணைப்பது, மூடி வைப்பது எதுவும் தப்பாது. இந்த ஒழுங்கை நம் கண் மனப்பாடம் செய்யத்தான் அத்தனை நேரம்.

இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் அறை அறையாக அலைகிறார். பிறகு கொட்டிவிட்டு, புதிதாக வாங்கிவந்து, உட்கார்ந்து மறுபடி உரிக்கிறார். முதல் நாளை ஒழுங்காகப் பார்த்தவருக்கு இங்கே நெஞ்சு படபடக்கும். வேகமாக ஓட்டிப் பார்த்தவருக்கு அது வெறும் உருளைக்கிழங்கு. அதனால் 1.5 மடங்கு வேகத்தில் மட்டும் பார்க்காதீர்கள், படமே காணாமல் போய்விடும்.

இவ்வளவு மதிப்பு இருந்தும் எனக்கு இது திரும்பிப் பார்க்கத் தோன்றாத படம். அந்த வீட்டின் மூச்சுமுட்டல் நாற்பது நிமிடத்தில் எனக்குள் இறங்கிவிடுகிறது. மிச்ச நேரம் இயக்குநரின் பிடிவாதத்தைத்தான் வியந்துகொண்டிருக்கிறேன்.

கேள்வி: பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் ப்ரெஸ்ஸோன் படங்களில் யாரும் நடிப்பதே இல்லையே?

பதில்: அவருக்கு வேண்டியதும் அதுவே. தொழில்முறை நடிகர்களை ஒதுக்கி, ‘மாடல்கள்’ என்று அழைத்தவர்களை வைத்து, உணர்ச்சி தேய்ந்து போகும்வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். ‘பிக்பாக்கெட்’டில் (1959) விரல்கள்தான் நடிகர்கள். 75 நிமிடம்தான் ஓடும், சோதித்துப் பார்க்க ஏற்ற படம்.

கேள்வி: ‘சிட்டிசன் கேன்’ எல்லாமே ஏற்கெனவே பார்த்ததுபோல இருக்கிறது. மதிப்பு வருகிறது, பாசம் வரவில்லை.

பதில்: 1941-ல் வந்த படத்தின் உத்திகளை அடுத்து வந்தவர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள், அதனால் மூலமே நகல்போல் தெரிகிறது. காலை உணவுக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் ஒரு கல்யாணம் முறிகிறது. முதலில் ஒட்டி உட்கார்ந்து கொஞ்சுகிறார்கள். கேமரா சுழன்று திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆடை மாறுகிறது, குரல் கடுமையாகிறது. கடைசியில் நீண்ட மேசையின் இரு கோடியில் மௌனம். மனைவி கையில், பத்திரிகை முதலாளியான கணவன் கேனின் போட்டிப் பத்திரிகை! இதைவிடச் சிக்கனமாக ஒரு தாம்பத்தியத்தைச் சொல்ல முடியுமா?

பாசம் வராததற்கு வேறு காரணம் இருக்கிறது. கேன் இறந்த பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அவரை அறிகிறோம். அவர் மனசுக்குள் நம்மை யாரும் கூட்டிப்போவதில்லை. அந்தத் தூரம் படத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

கேள்வி: பிடிக்காத படத்தை எத்தனை நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம்?

பதில்: நிமிடக் கணக்கு உதவாது. படம் தன் விதியைக் காட்டும் இடம்வரை இருங்கள். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) பழுப்பு நிறத்தில் தொடங்கி, ஏறக்குறைய 40 நிமிடம் கழித்து தடைசெய்யப்பட்ட ஒரு நிலத்துக்குள் நுழையும்போதுதான் வண்ணமாகிறது. அதற்கு முன் எழுந்து போகாதீர்கள். ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) என்றால், பிள்ளைகள் வயதான பெற்றோரை அதாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கும் பகுதிவரை. இரவெல்லாம் விடுதிச் சத்தத்தில் தூங்காமல், காலையில் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கும் தாய் எழுந்திருக்கும்போது தலைசுற்றி ஒரு கணம் தடுமாறுகிறார். அது உங்களைத் தொடவில்லை என்றால் அடுத்த ஒரு மணி நேரமும் தொடாது.

கேள்வி: நண்பர் உயிராக நினைக்கும் படம் எனக்குப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது?

பதில்: ‘போர்’, ‘ஓவர்ரேட்டட்’ இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது சொல் படத்தைவிட்டு ரசிகரைக் குறை சொல்கிறது. நீங்கள் மதிக்கும் ஒரு ஷாட்டைக் குறிப்பாகச் சொல்லுங்கள், பிறகு எந்தக் காட்சியில் கைநழுவியது என்று சொல்லுங்கள். அந்தக் காட்சியில் அவருக்கு என்ன தெரிந்தது என்று கேளுங்கள். முடிந்தால் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் இருவரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.